நள்ளிரவு ரேடியோவிலிருந்து ஒரு பெருமூச்சு

கொரிய மொழியில் பெருமூச்சுக்கு ‘ஹன்சும்’ என்று பெயர். ‘சும்’ என்றால் மூச்சு. ‘ஹன்’ என்பது பழைய கொரிய மொழியில் ‘பெரிய’ என்ற பொருளில் வழங்கிய சொல்; பெரிய சாலையைக் குறிக்கும் ‘ஹன்கில்’ போன்ற சொற்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பெரு, மூச்சு. நாம் சொல்லைக் கட்டிய விதத்திலேயே அவர்களும் கட்டியிருக்கிறார்கள்.

பெருமூச்சு அங்கேயும் பெரியவர்களுக்குப் பிடிக்காத விஷயம்தான். பெருமூச்சு விட்டால் வீட்டு அதிர்ஷ்டம் வெளியே போய்விடும் என்று அதட்டுவார்கள். ஒருவர் ரொம்பவே சலித்துக்கொண்டால், தரை உள்ளே இறங்குகிற அளவுக்குப் பெருமூச்சு விடுகிறான் என்பார்கள். அது கொரிய மொழியில் ஒரு மரபுத்தொடர். இப்படி யாரும் விரும்பாத ஒரு சொல்லையே தலைப்பாக வைத்து 2016 மார்ச்சில் ஒரு பாட்டு வந்தது. பாடியவர் லீ ஹை. எழுதி, மெட்டமைப்பிலும் பங்கெடுத்தவர் ஷைனி என்ற பாடகர் குழுவின் ஜோங்ஹியூன்.

வெளிநாட்டு ரசிகர்களுக்காக அதற்கு ‘ப்ரீத்’ என்று ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. ‘மூச்சு விடு’ என்றவுடன் யோகா வகுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. பெருமூச்சில் இருக்கிற அலுப்பு, புகார், சொல்ல முடியாமல் முழுங்கிய பேச்சு எல்லாம் அதில் காணாமல் போய்விடுகின்றன. கொரியர்களுக்கோ அந்தத் தலைப்பில் இன்னொரு கதவும் திறக்கிறது. அதே எழுத்துக்கூட்டலில் வேறொரு ‘ஹன்சும்’ உண்டு. அங்கே ‘ஹன்’ என்றால் ‘ஒரு’. ஒரு மூச்சு. குட்டித் தூக்கம் போடுவதற்கும், நெருக்கடி தீர்ந்து ‘அப்பாடா’ என்று உட்காருவதற்கும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். சலிப்பும் ஆசுவாசமும் ஒரே ஒலியில். பாட்டு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முதலில் இந்தப் பாட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கே-பாப் என்கிற கொரிய பாப் இசை உலகத்தில், பாடகர்களை வளர்த்தெடுக்கும் கம்பெனிகள் கிட்டத்தட்ட அரசியல் கட்சிகள் மாதிரி. ரசிகர்கள் அந்தந்தக் கொடிக்குக் கீழேதான் நிற்பார்கள். லீ ஹை அப்போது இருந்தது ஒய்.ஜி. என்டர்டெயின்மென்டில், பிக் பேங் குழுவை உருவாக்கிய இடம். ஜோங்ஹியூன் இருந்தது எஸ்.எம். என்டர்டெயின்மென்டில். 2008 மே மாதம் அறிமுகமான ஷைனியின் முதன்மைக் குரல் அவர். ஒரு கம்பெனியின் ஐடல் (கம்பெனி வளர்த்தெடுத்த நட்சத்திரம்) எதிர்க் கம்பெனியின் பாடகிக்கு ஆல்பத்தின் முக்கியமான பாட்டையே எழுதித் தருவது அன்றைக்கு அபூர்வம். ஆனால் ஜோங்ஹியூன் அதற்கு முன்பே வேலி தாண்டியவர்தான். 2013-ல் வேறொரு கம்பெனியில் இருந்த பாடகி ஐ.யு.வின் ஆல்பத்துக்கு, மனச்சோர்வைக் கடிகாரமாக உருவகித்து ஒரு பாட்டு எழுதித் தந்திருந்தார்.

லீ ஹையின் கதை கொஞ்சம் விசித்திரம். 1996-ல் சியோலுக்குப் பக்கத்து ஊரான புச்சானில் பிறந்தவர். எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் 2012 ஏப்ரலில் இரண்டாம் இடம் பிடித்தபோது வயது 15. அந்த வயதுக்குச் சம்பந்தமே இல்லாத, அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல். அதே ஆண்டு அக்டோபரில் முதல் பாட்டு, 2013-ல் முதல் ஆல்பம். அப்புறம் மூன்று வருடம் அவர் பெயரில் ஆல்பம் எதுவும் வரவில்லை. நடுவில் 2014-ல் இன்னொரு பாடகியோடு சேர்ந்து ஒரு பாட்டு வந்தது, அவ்வளவுதான். பதினாறிலிருந்து பத்தொன்பது வரையிலான வயதில் மூன்று வருடம் காத்திருப்பது என்றால் என்ன என்பது, வேலைக்கு மனுப்போட்டுவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தெரியும். 2016 மார்ச்சில் ‘சியோலைட்’ ஆல்பத்தின் முதல் பாதி வெளிவந்தது. முன்னிலைப்படுத்தப்பட்ட இரண்டு பாடல்களில் ஒன்று ‘ஹன்சும்’. நாள் முழுக்க ஓடாய்த் தேய்ந்த ஒரு பெரிய மனுஷருக்கு ஆறுதல் சொல்லும் பாட்டைப் பாடியபோது அவருக்கு 19 வயது.

சரி, இப்போது ரேடியோவுக்கு வருவோம். இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி என்று நான் நினைக்கிறேன்.

எம்.பி.சி. வானொலியில் ‘நீல இரவு’ என்ற பொருள்படும் ஒரு நிகழ்ச்சி. நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணி வரை. 2014 பிப்ரவரியிலிருந்து 2017 ஏப்ரல் வரை அதை நடத்தியவர் ஜோங்ஹியூன். பகலில் மேடை, ஒத்திகை, படப்பிடிப்பு என்று ஓடுகிற ஒரு பாப் நட்சத்திரம், ஊர் அடங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களின் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தார். கொரிய வானொலியில் நேயர்கள் எழுதி அனுப்பும் சொந்தக் கதைகளுக்கு ‘சாயோன்’ என்று தனிப் பெயரே உண்டு. அந்த நேரத்தில் விழித்திருந்து எழுதுகிறவர்கள் யாராக இருப்பார்கள்? தூக்கம் வராதவர்கள், இரவு வேலைக்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், யாரையோ பிரிந்தவர்கள்.

அவர் அந்தக் கதைகளை வாசித்ததோடு விடவில்லை. நேயர்களின் கதைகளிலிருந்து பாட்டுக் கட்டுகிற ஒரு பகுதியை நிகழ்ச்சிக்குள் நடத்தினார். அப்படிப் பிறந்த பாடல்களைத் தொகுத்து 2015 செப்டம்பரில் ‘கதை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதில் முன்னால் நிற்கிற பாட்டு, ஒரு நாள் முடிந்து வீடு திரும்புகிறவருக்குச் சொல்லும் ஆறுதல். ‘ஹன்சும்’ வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே மேசையில் எழுதியது போலத் தோன்றும்.

வானொலி அறிவிப்பாளரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரே ஆள் இல்லை. கையில் நாலு வரி. எழுதியவர் அழுதுகொண்டு எழுதினாரா, சும்மா சலிப்பில் எழுதினாரா, தெரியாது. வாசித்து முடித்து ஏதாவது சொல்லியாக வேண்டும். உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்று சொன்னால் அது பொய். அறிவுரை சொன்னால் அபத்தம். இரண்டும் இல்லாமல் என்ன சொல்ல முடியும்? இரண்டு வருடம் இரவுக்கு இரவு இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தவர் எழுதிய பாட்டு இது.

இப்போது பாட்டின் உள்ளே போகலாம். வரிகளை அப்படியே எடுத்துப் போடவில்லை. சொல்லும் விதத்தை மட்டும் காட்டுகிறேன்.

முதல் வார்த்தையே மூச்சு. மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள், நெஞ்சின் இரண்டு பக்கமும் மரத்துப்போய் லேசாக வலிக்கிற வரைக்கும் என்கிறது. அடுத்து, அதை வெளியே விட்டுப் பாருங்கள், உள்ளே எதுவுமே மிச்சமில்லை என்று தோன்றுகிற வரைக்கும். மனசைப் பற்றி இன்னும் ஒரு பேச்சும் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. உடம்பைத்தான் முதலில் தொடுகிறது.

இங்கே ஒரு நுட்பம். கொரிய மூலத்தில் இருப்பது ‘ஷ்வியொ ப்வாயோ’. ‘ஷ்வியொ’ மூச்சு விட்டு, ‘ப்வாயோ’ பாருங்கள். ‘பார்’ என்ற வினையைத் துணைவினையாகச் சேர்த்து ‘செய்து பாருங்கள்’ என்று சொல்லும் அதே வழக்கு. ‘மூச்சு விடுங்கள்’ என்பதற்கும் ‘மூச்சு விட்டுப் பாருங்களேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழனுக்கு விளக்கத் தேவையில்லை. முன்னது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டு சொல்வது. பின்னது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது. முடியாவிட்டாலும் குற்றமில்லை என்கிற சலுகை அதற்குள் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இது வெறும் கட்டளையாகிவிடுகிறது. தமிழில் ஒரு இழை கூடச் சிந்தாமல் வந்து உட்காருகிறது.

(உடனே கொரிய மொழியும் தமிழும் அக்கா தங்கை, அவர்களும் அம்மா அப்பா என்றுதான் சொல்கிறார்கள் என்று யூடியூபில் சுற்றும் கதைக்குள் நான் இறங்கப் போவதில்லை. செய்து பார்க்கும் இந்த வழக்கு ஜப்பானிய மொழியிலும் இருக்கிறது, இந்தியிலும் இருக்கிறது. நமக்குக் கை கொடுக்கிறது என்பது மட்டும்தான் விஷயம்.)

இழுத்து, முழுக்க வெளியேற்றும் அந்த மூச்சுக்கு உடலியலில் ஒரு வேலை உண்டு. நாம் கவனிக்காமலே மணிக்கு 12 தடவை போல, அதாவது சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பெருமூச்சு விடுகிறோம். சாதாரண மூச்சைப்போல இரண்டு மடங்கு காற்று உள்ளே போகும். நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் சில, போகப்போக பலூன் மாதிரிச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் திரும்ப விரிய வைப்பது அந்தப் பெரிய மூச்சுதான். எலிகளின் மூளைத்தண்டில் பெருமூச்சைக் கிளப்பும் சுற்று எது என்று கண்டுபிடித்த ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வந்தது 2016 பிப்ரவரியில். பாட்டு வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. சும்மா தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜாக் ஃபெல்ட்மேன், போலியோ காலத்து இரும்பு நுரையீரல் இயந்திரங்களில் இருந்த நோயாளிகள் சிரமப்பட்டதற்கு ஒரு காரணம், இயந்திரம் ஒரே சீராக மூச்சைக் கொடுத்ததே, அதற்குப் பெருமூச்சு விடத் தெரியாது என்று விளக்கினார். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், தினம் ஐந்து நிமிடம் நீண்ட வெளிமூச்சோடு பெருமூச்சு விடும் பயிற்சியை ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெளிந்ததாகக் கண்டார்கள். அதிர்ஷ்டம் வெளியே போகிறது என்று அதட்டியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்குத் திரும்புகிறேன். மூச்சு முட்டினால் பரவாயில்லை, யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை, தப்புப் பண்ணினாலும் பரவாயில்லை, எல்லோரும் பண்ணியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. கொரிய நாடகம் பார்க்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சொல்: ‘கெஞ்சானா’. பரவாயில்லை. ஆறுதல் பாட்டுகளில் இதுதான் ரெடிமேடாகக் கிடைக்கிற சொல். இதைச் சொல்லிவிட்டு, உடனே பாட்டு தன் கையிலேயே அடித்துக்கொள்கிறது. பரவாயில்லை என்பது வாய்வார்த்தை ஆறுதல்தான் என்று ஒத்துக்கொள்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் பாட்டு, ஆறுதல் சொல்வதின் பலவீனத்தை நடுவிலேயே போட்டு உடைத்துவிடுகிறது.

அப்புறம் பல்லவி. இன்னொருவரின் பெருமூச்சை, அதன் கனத்தை, என்னால் எப்படி அளக்க முடியும்? அதன் ஆழம் எனக்குப் புரியாது. ஆனாலும் பரவாயில்லை, நான் அணைத்துக்கொள்கிறேன். இங்கேயும் கொரிய வினைக்குள் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது: ‘அனா ஜுல்கெயோ’. இரண்டாவது சொல்லில் இருப்பது ‘கொடு’ என்ற வினை. எழுதிக் கொடுக்கிறேன், வாங்கிக் கொடுக்கிறேன் என்று நாம் சொல்வதைப் போல, உனக்காக என்ற பொருளைச் சேர்ப்பது. ‘அணைத்துக்கொள்கிறேன்’ என்று நான் எழுதும்போது அந்த அணைப்பு எனக்கும் ஆகிவிடுகிறது. கொரிய மூலத்தில் அது முழுக்க எதிராளிக்கு. ‘அணைத்துக் கொடுக்கிறேன்’ என்று தமிழில் எழுத முடியாது, யாராவது சிரிப்பார்கள். போகட்டும்.

பின்னால் ஓரிடத்தில், மற்றவர்கள் கண்ணுக்கு இது தெம்பில்லாத பெருமூச்சாகத் தெரியலாம், எனக்குத் தெரியும், ஒரு சின்னப் பெருமூச்சு விடக்கூட முடியாத ஒரு நாளைக் கடந்து வந்திருக்கிறீர்கள் என்று வருகிறது. ஆழம் புரியாது என்று சொன்னவர் இப்போது எனக்குத் தெரியும் என்கிறாரே? முதல் தடவை கேட்டபோது எனக்கும் இது முரணாகத்தான் பட்டது. முரண் இல்லை. வலியின் ஆழம் தெரியும் என்று அவர் சொல்லவே இல்லை. அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று மட்டும் தெரியும் என்கிறார். கடிதம் வாசித்தவருக்கு அவ்வளவுதான் தெரியும். அவ்வளவை மட்டும் சொல்கிறார்.

இந்தப் பாட்டு கொரியப் பாடல் மரபில் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம். நமக்கு கே-பாப் என்றால் பத்துப் பேர் ஒரே சட்டையில் ஆடுவது. அங்கே ‘பல்லாட்’ எனப்படும் மெதுவான, உருக்கமான பாட்டு தனி வீடு, தனி சமையல். 1980-களின் நடுவில் லீ மூன்-சே என்ற பாடகரும் லீ யங்-ஹூன் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து அதற்கு அடித்தளம் போட்டார்கள். 1987-ல் ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் இசையமைப்புப் படித்த யூ ஜே-ஹா என்ற இளைஞர் ஒரே ஒரு ஆல்பம் போட்டார். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்த ஒரே ஆல்பத்திலிருந்துதான் இன்றைய கொரிய பல்லாட் கிளை விட்டது என்று அங்கே இசை எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர் பெயரில் 1989 முதல் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது.

பிறகு வந்த முப்பது வருடத்தில் பல்லாட் ஒரு வாய்ப்பாடு ஆகிவிட்டது. காதலி போய்விட்டாள், மழை, பியானோ, கடைசிப் பல்லவியில் சுருதியை ஏற்றி உச்சத்தில் ஒரு கதறல். கேட்கிறவருக்கு வேலை ஒன்றுதான், உட்கார்ந்து அழுவது. ‘ஹன்சும்’ பியானோவையும் மெதுவான நடையையும் அந்த வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் காதலி இல்லை. பாடுகிறவரின் சோகமும் இல்லை. பேசப்படுவது முழுக்க ‘நீங்கள்’ என்கிற ஒரு ஆள், கேட்டுக்கொண்டிருக்கும் ஆள்.

அந்த ‘நீங்கள்’ யார்? 2011 வாக்கில் கொரியாவில் ‘ஹீலிங்’ என்ற ஆங்கிலச் சொல் காய்ச்சல் மாதிரிப் பரவியது. ஹீலிங் பயணம், ஹீலிங் உணவு, அதே சொல்லைப் பெயரில் வைத்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி. இளமை என்றால் வலிக்கத்தான் செய்யும் என்கிற தொனியில் தலைப்பு வைத்த ஒரு பேராசிரியரின் புத்தகம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கொஞ்ச நாளில் இளைஞர்களுக்குக் கோபம் வந்தது. வலிக்கிறது என்றால் மருத்துவமனைக்குத்தானே போக வேண்டும், இளமை என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள் என்று கேலி செய்தார்கள். காதல், கல்யாணம், குழந்தை மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்று ஒரு பெயர் வந்தது. 2015-ல் சொந்த நாட்டையே ‘நரக ஜோசான்’ என்று அழைக்கும் வழக்கு இணையத்தில் தீயாய்ப் பரவியது. ஜோசான் என்பது அவர்களின் பழைய அரச வம்சம். வாரத்துக்கு 68 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருந்த நாடு அது. 52 மணி நேரமாக அதைக் குறைக்கும் சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியதே 2018 ஜூலையில்தான்.

ஆக, ஆறுதல் என்ற சரக்கே விலை போகாத நேரத்தில் இந்தப் பாட்டு வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று இது சொல்லியிருந்தால், இன்னொரு ஹீலிங் என்று ஒதுக்கியிருப்பார்கள். இது எதுவும் சரியாகும் என்று சொல்லவில்லை. தேடிப் பாருங்கள், பாட்டில் நாளை என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் அதன் எல்லை.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. லீ ஹை இதைக் கதறாமல் பாடுகிறார். வரி முடிகிற இடங்களில் குரலைக் கூர்மையாக நிறுத்தாமல் மூச்சிலேயே கரைய விடுகிறார். ஹெட்போனில் கேட்டால் அடுத்த வரிக்கு மூச்சை இழுப்பதும் காதில் விழும். வேறு பாட்டில் அதைப் பதிவுக்கூடத்தில் வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கே அதை வெட்டினால் பாட்டே இல்லை.

2017 டிசம்பர் 18-ஆம் தேதி ஜோங்ஹியூன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யில் உள்ள நாடுகளிலேயே தற்கொலை விகிதம் அதிகமாக உள்ள நாடு தென் கொரியா என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தும், அன்றைக்கு அந்த நாடு ஒரு நிமிடம் நின்றது. (மனம் கனத்துக் கிடக்கிற யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால்: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுக்க 14416. தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.)

மூன்று வாரம் கழித்து, 2018 ஜனவரியில், கோல்டன் டிஸ்க் விருது விழாவில் லீ ஹை இந்தப் பாட்டைப் பாட மேடை ஏறினார். பல ஆயிரம் பேர், எதிரே சக பாடகர்கள் வரிசை. முதல் வரியே மூச்சை இழுத்துப் பாருங்கள் என்பது. பாடுகிறவருக்கு மூச்சு வரவில்லை. சில வரிகளைப் பாட முடியாமல் குரல் உடைந்தது. இசை நிற்காமல் போய்க்கொண்டிருக்க, பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் அழுகையை அடக்கும் சத்தம் மட்டும். கேமரா திரும்பிய பக்கமெல்லாம் இளம் பாடகர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பகலெல்லாம் சிரித்த முகத்தோடு ஆடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

அதற்குப் பிறகு இந்தப் பாட்டுக்கு ஒரு புது அர்த்தம் ஒட்டிக்கொண்டது. ஜோங்ஹியூன் தனக்காகவே எழுதிக்கொண்டது, யாருக்கும் புரியாமல் விட்ட பெருமூச்சு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனது என்றெல்லாம் எழுதினார்கள். அந்தத் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாசிப்பில் எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் இறந்த விதத்தை வைத்து அவர் எழுதிய எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் வாசித்தால், அவர் விழித்திருந்து செய்த வேலை மறைந்துபோகிறது. 2016-ல் அவர் அதை எழுதியது வேறொருவர் பாடுவதற்கு, முகம் தெரியாத யாரோ கேட்பதற்கு. தன் சோர்வையும் அதில் கரைத்திருக்கலாம். எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தப் பாட்டின் கை வெளிப்பக்கம் நீண்டிருக்கிறது. அதைத் திருப்பி உள்ளே மடக்க நமக்கு உரிமை இல்லை. தவிர, ஆழம் எனக்குப் புரியாது என்று சொல்கிற பாட்டை வைத்துக்கொண்டே அவர் ஆழம் எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று சொல்வது என்ன நியாயம்?

அவர் குடும்பத்தார் 2018-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அவருடைய பாடல்களின் உரிமைத்தொகை அதற்குப் போகிறது. சிரமத்தில் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு உதவி, மனநல ஆலோசனை. கேட்க வந்தவர்களுக்காக எழுதிய பாட்டுகள் இப்போதும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. ‘சுகோஹெஸ்ஸொயோ’. கொரியாவில் தினமும் கோடித் தடவை புழங்கும் சொல். அலுவலகத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒருவருக்கொருவர் சொல்வார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் சொல்வார்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு வாசலில் சொல்வார்கள். பாடுபட்டீர்கள், உழைத்தீர்கள், சிரமப்பட்டீர்கள், இதெல்லாம் சேர்ந்தது. நன்றி இல்லை, பாராட்டும் இல்லை. ஜெயித்தாயா என்று கேட்காமல், பட்ட பாட்டை மட்டும் பார்த்தேன் என்று சொல்வது. மேலதிகாரியிடம் சொல்வது மரியாதை இல்லை என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள். சமமானவர்களிடமோ கீழே இருப்பவர்களிடமோ சொல்வதுதான் வழக்கம். ஜோங்ஹியூனின் 2015 பாட்டிலும் இதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் போன பிறகு ரசிகர்கள் அவரிடம் திருப்பிச் சொன்னதும் இதைத்தான்.

இதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ‘நல்லா உழைச்சீங்க’ என்றால் பணி ஓய்வு விழா. ‘ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க’ என்றால் பரிதாபம். ‘சிரமத்துக்கு மன்னிக்கணும்’ வேறு கதை. அப்போதுதான் என் பாட்டி ஞாபகத்துக்கு வந்தாள். கடைசி பஸ்ஸில் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு பெருமூச்சு விடுவாள். ‘வெளக்கு வெச்ச நேரத்துல என்ன பெருமூச்சு’ என்று நாங்கள் விட்டால் கத்துகிற பாட்டி, அம்மாவை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். ‘வந்துட்டியா’ என்பாள். எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வருவாள்.